இடப்பக்க இருக்கை

ஜனவரி 8, புதன்

நான் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலரேட்டரை மிதிக்கவில்லை.

பேக்கரியில் ரொட்டி வாங்குகிறவர்கள், சர்ச் வாசலில் நிற்கிறவர்கள், பால்காரர் வேலுச்சாமி, கோயம்புத்தூரிலிருந்து போனில் என் மருமகளின் தங்கை, எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். "பாவம், வயசாயிடுச்சு, காலு மாறிப்போச்சு." என்னைப் பாவம் என்று சொல்லும்படி நான் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குப் போக ஷெட்டிலிருந்து என் எஸ்டீம் காரை எடுத்தேன். புல்லின் மேல் உறைபனி வெள்ளையாக இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து கோத்தகிரி மெயின் ரோடுவரை சந்து செங்குத்தாக இறங்கும். பாதியில் பிரேக்கை மிதித்தேன். பிரேக் போய்விட்டால் மிதி தரைவரை இறங்கிவிடும் என்பது எனக்குத் தெரியும். இது இறங்கவில்லை. மிதி கல்லாக நின்றது, வண்டிதான் நிற்கவில்லை. கியரை இறக்கினேன், இடது கையால் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். சந்தின் முடிவில் வலப்புறம் வேலுச்சாமியும் அவருடைய சைக்கிளும். இடப்புறம் மாடுகளுக்கான கல்தொட்டி. தொட்டியைத் தேர்ந்தெடுத்தேன். வேலுச்சாமி அநாவசியமாக ஹைட்ரேஞ்சியா செடிக்குள் குதித்தார். என் இடது மணிக்கட்டு உடைந்தது.

மிதி ஏன் கல்லாக நின்றது என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காததை விளங்கவில்லை என்று எழுதுகிறேன். ஊர்க்காரர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

சாவியை ரெஜி எடுத்து வைத்துக்கொண்டான். ரெஜி என் மகன், பேக்கரி அவனுடையது. அந்தச் சந்தில் துணையில்லாமல் என்னால் நடந்து இறங்கவும் முடியாது, ஏறவும் முடியாது. ஆகவே சாவி இல்லை என்றால் எனக்குச் சர்ச் இல்லை, நூலகம் இல்லை, மார்க்கெட் இல்லை, ஊர் இல்லை. இது அவனுக்கும் தெரியும்.

ஜனவரி 9, வியாழன்

மாடிப்படியின் உச்சியில் இன்று ஒரு மரக்கதவு போட்டார்கள். தவழும் குழந்தை உருண்டு விழாமல் இருக்க வைப்பார்களே, அது. தாழ்ப்பாள் வெளிப்பக்கம், அடியில். மேலிருந்து குனிந்தாலும் கைக்கு எட்டாது.

"கட்டுப் பிரிக்கிற வரைக்கும்தான் அத்தை" என்றாள் மருமகள் ஷீபா. கூடவே ஒரு மணியும் கொடுத்தாள். பேக்கரி கவுண்டரில் இருந்த மணி. மாவு வாசனை அடிக்கிறது.

ஜனவரி 11, சனி

என் படுக்கையறை ஷெட்டுக்கு நேர் மேலே இருக்கிறது. நடுவில் மரத்தளம் மட்டும். கீழே ஸ்பேனர் விழுந்தால் எத்தனையாம் நம்பர் என்று சொல்லிவிடுவேன்.

ரெஜி அடுத்த மாதம் பதினாறாம் தேதி மலைநாட்டு மோட்டார் கிளப்பின் போட்டியில் கார் ஓட்டப் போகிறான். தேயிலை எஸ்டேட்டுக்குள் போகும் தார்ச்சாலையை ஒரு நாள் மூடித் தருகிறார்கள். ஒவ்வொரு வண்டியாக மேலே விட்டு நேரம் குறிப்பார்கள். அவனுடைய தகப்பனார் ஓட்டிய அதே சாலை. வண்டிதான் என்னுடையது. எஸ்டீம் எடை குறைவு, மலைக்கு நல்லது என்று சென்ற ஆகஸ்டில் கேட்டான். ஞாயிறு பூசைக்கும் செவ்வாய் மார்க்கெட்டுக்கும் எனக்கு வேண்டும், மற்ற நாட்களில் உன் இஷ்டம் என்றேன். இப்போது முன்பக்கத்தைத் தட்டி நிமிர்த்திவிட்டு, பின் இருக்கையைக் கழற்றி வெளியே மழையில் போட்டிருக்கிறான். என் பின் இருக்கை.

ஜன்னலுக்குக் கீழே வேலுச்சாமி பால் ஊற்றிக்கொண்டே ஷீபாவிடம்: "அம்மா மேலயா இருக்குது? நல்லதுங்க. இனி ரோட்டுல தைரியமா நடக்கலாம்."

மணியை அடித்தேன். இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒன்றுமில்லை என்றேன்.

குளியலறைக்குப் போய்ப் பார்த்தால் வலது காலில் செருப்பு இல்லை. நடையிலேயே கிடந்திருக்கிறது. இந்தச் செருப்பு சரியில்லை, வார் தளர்ந்துவிட்டது. வேறு வாங்க வேண்டும்.

ஜனவரி 14, செவ்வாய்

பக்கத்து வீட்டிலிருந்து பொங்கல் வந்தது. முந்திரி அதிகம், நெய் குறைவு.

பங்குத் தந்தை நற்கருணை கொண்டுவந்தார். படிக்கதவைத் திறக்கத் தெரியாமல் சற்று நேரம் அதன் அந்தப் பக்கமே நின்று என்னோடு பேசினார். "ஓய்வு எடுங்கம்மா, இத்தனை வருஷம் ஓட்டினது போதாதா" என்றார். ஃபாதர், நீங்கள் இத்தனை வருஷம் பிரசங்கம் செய்தது போதாதா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. கான்வென்டில் பத்து வருடம் படித்ததற்கு அந்த அளவாவது பலன் இருக்க வேண்டும்.

காலையில் என் உள்ளங்காலில் கொப்புளம் இருப்பதை ஷீபா பார்த்தாள். ராத்திரி வெந்நீர்ப் பை சுட்டிருக்கிறது. "இவ்ளோ பெருசா பொள்ளியிருக்கு, எரியலையா அத்தை?" என்றாள். தூக்கத்தில் யாருக்கும் தெரியாது என்றேன். அவள் அதற்குப் பதில் சொல்லாமல் மருந்து போட்டாள். அவள் பதில் சொல்லாமல் இருக்கும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

இரண்டு நாளாக வெல்டிங். வண்டிக்குள் இரும்புக் குழாய்களால் ஒரு கூடு கட்டுகிறார்கள். வண்டி உருண்டால் கூரை நசுங்காமல் ஆளைக் காப்பது அது. கிளப் விதி.

மாலையில் ரெஜி காபி கொண்டுவந்தான். கை முழுக்கக் கிரீஸ். கோப்பையில் அவன் கட்டைவிரல் அச்சு.

"போட்டி முடிஞ்சதும் அதை எல்லாம் கழட்டிடுவியா?" என்று கேட்டேன்.

"கேஜைக் கழட்ட முடியாது மம்மி. வெல்டு பண்ணியாச்சு."

"அப்ப நான் எப்படி ஏறி உக்காருவேன்?"

"கதவுக்குக் குறுக்கால பைப்பு வரும். அதைத் தாண்டிக் கால எடுத்து வைக்கணும்..." அவன் காபியைப் பார்த்தான். "உங்களால முடியாது மம்மி. வேணும்னா நான் சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"ஞாயித்துக்கெழம கடைல வர்க்கி வாங்கற கூட்டம்."

"அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

"அட்ஜஸ்ட் பண்ணி யாரும் பூசைக்குப் போக வேண்டாம்."

சாவி கேட்டேன். தரவில்லை. எங்கே என்று கேட்டேன். சொல்லவில்லை. நாற்பத்தெட்டு வயது மகன், தாயின் அறையில் தலை குனிந்து நிற்கிறான். ஆனால் சாவி தரமாட்டான். தகப்பனாரின் பிடிவாதம் தப்பாமல் வந்திருக்கிறது. என்னுடையது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

கூடு கீழே முடிந்துவிட்டது. மேலேயும்தான்.

ஜனவரி 19, ஞாயிறு

டிவியில் பூசை. பாடகர் குழுவில் இரண்டாவது வரிசைப் பெண்மணி ஸ்வரம் தப்பினார்.

பகலில் இருவரும் பேக்கரிக்குப் போன பிறகு சிறிது உடற்பயிற்சி செய்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, படிக்கதவின் மேல் வலது காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். உட்கார்ந்தே இருந்தால் இடுப்பு இறுகிவிடும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

ஜனவரி 21, செவ்வாய்

போட்டியில் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லும் ரெஜியின் நேவிகேட்டர் நவநீதன். நல்ல பல் மருத்துவர். ரெஜியின் பள்ளி நண்பன். இனி தினமும் மாலை கிளினிக்கை மூடிவிட்டு வருவானாம். நிற்கிற வண்டியில் இருவரும் உட்கார்ந்துகொள்கிறார்கள். எஸ்டேட் சாலையைப் போனில் படம் பிடித்து வந்திருக்கிறார்கள். அதை ஓடவிட்டு, வளைவுகளைக் குறித்து வைத்த நோட்ஸை நவநீதன் உரக்கப் படிக்கிறான். ரெஜி அதைக் கேட்டு ஸ்டியரிங்கைத் திருப்பிப் பழகுகிறான்.

படிக்கிறது ஒன்றும் பெரிய வித்தை இல்லை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வளைவுகளுக்கு எண் உண்டு. ஒன்று என்றால் கொண்டை ஊசி. ஆறு என்றால் கிட்டத்தட்ட நேர் சாலை. இறுகும் என்றால் வளைவு போகப் போக ஒடுங்கும். "வலது நாலு, உடனே இடது இரண்டு, இறுகும்" என்று நேவிகேட்டர் சொன்னால், ஓட்டுகிறவன் கண்ணுக்குத் தெரியாத வளைவுக்கும் துணிந்து வண்டியை விடுவான். சரியான சொல் போதாது. சரியான இடத்தில் வர வேண்டும். ஒரு வளைவில் வண்டி திரும்பிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வளைவு காதில் விழ வேண்டும். முன்னால் சொன்னால் மறந்துவிடும். பின்னால் சொன்னால் பள்ளம்.

நவநீதன் பின்னால் சொல்கிறான். அதுவும் கடைசிச் சொல்லை விழுங்கிவிடுகிறான். "இடது ரெண்டு, இறு..." என்ன இறு? ஓட்டுகிறவன் பள்ளத்தாக்கில் போய் மிச்சத்தைத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். எங்களுக்கு வாசிப்பு சொல்லிக்கொடுத்த மதர் பெனடிக்டா அவனை முட்டி போட வைத்திருப்பார். வாயைத் திற, சொல், சொல்லி முடி, பிறகு மூச்சு விடு. அந்த நாலு கட்டளையைக் கொண்டுதான் நான் ரெஜியின் தகப்பனாருக்கு ஒன்பது வருடம் மலைகளில் நோட்ஸ் படித்தேன். கூடத்து அலமாரியில் கோப்பைகள் இருக்கின்றன. அவற்றில் அவர் பெயர் மட்டும் பொறித்திருக்கும். இடம் போதவில்லை என்று கிளப்பில் சொன்னார்கள்.

பொறுக்க முடியவில்லை. அவருடைய கைத்தடியை எடுத்து, சொல்ல வேண்டிய இடத்தில் தரையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

கீழே இருவரும் நிறுத்தினார்கள்.

"எலியா?" என்றான் நவநீதன்.

"மம்மி" என்றான் ரெஜி.

ஜனவரி 22, புதன்

தட்டினேன். கீழே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நிறுத்தவும் இல்லை.

ஜனவரி 24, வெள்ளி

இன்று தட்டிய மறுகணமே நவநீதன் படித்தான். ஏழு நிமிடச் சாலையில் மூன்று தப்புதான்.

பகலில் உடற்பயிற்சி. இரண்டு காலும் அந்தப் பக்கம் போய் வந்தன. வரும்போது வலது கால் கதவில் சிக்கியதைப் பார்க்கவில்லை. பார்த்த பிறகு எடுத்துவிட்டேன்.

ஜனவரி 25, சனி

படிக்கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு தடித்த கால்மிதி விரித்திருக்கிறது. யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. ஷீபாவும் சொல்லவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

காலையில் ரெஜி முதல் முறையாக வண்டியை வெளியே எடுத்தான். ஜன்னலில் நின்று பார்த்தேன். நேராக மெயின் ரோட்டுக்கு இறங்காமல், சந்தின் மேல் பாகத்திலேயே முன்னும் பின்னுமாக ஓட்டினான். எஞ்சின் சத்தத்திலேயே தெரிந்தது, வலது கால் ஆக்சிலரேட்டரில், இடது கால் பிரேக்கில். வண்டி முக்கிக்கொண்டே நகர்ந்தது. நாலைந்து முறை அப்படிச் செய்தபின் தீய்ந்த வாடை மாடிவரை வந்தது. பிறகு ஒரே மிதியில் நிறுத்திப் பார்த்தான். வண்டி மூக்கைத் தரையில் குத்தி நின்றது. திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் கிளம்பினான்.

மார்க்கெட்டுக்குப் போகிற வண்டிக்குப் பிரேக்கை இப்படிச் சுட வைக்க வேண்டியதில்லை. என் பிரேக் எப்போதும் குளிரிலும் பிடிக்கும். பிடித்தது, டிசம்பர் கடைசிவரை.

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. கீரையில் உப்பு கூட என்று சொல்லிவிட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஜனவரி 28, செவ்வாய்

கீழ் வரிசையில் கட்டிய பல் ஆடுகிறது என்று நவநீதனுக்குச் சொல்லி அனுப்பினேன். உண்மையாகவே கொஞ்சம் ஆடுகிறது. ஷெட்டுக்கு வரும்போது பெட்டியோடு மேலே வந்தான். என்னை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, வாயில் பஞ்சைத் திணித்து, ஏதோ பசையைத் தடவினான்.

"அஞ்சு நிமிஷம் அசையக் கூடாது ஆன்ட்டி. பேசவும் கூடாது. இது உங்களுக்குக் கஷ்டம்தான்."

பல் மருத்துவர்கள் பதில் சொல்ல முடியாதவர்களிடம் பேசியே பழகியவர்கள். அவன் வண்டியைப் பற்றி ஆரம்பித்தான். ஷாக் அப்சார்பர் புதுசு. டயர் சென்னையிலிருந்து வந்தது.

"பிரேக் பேடுதான் ஆன்ட்டி சூப்பர். ரேஸ் பேடு. மலையில எவ்ளோ பிடிச்சாலும் அசராது. ஆனா சூடாகற வரைக்கும் வெறும் கட்டைதான். மிதிச்சா சும்மா வழுக்கிட்டுப் போகும். அன்னைக்கு மாட்டும்போதே நான் சொன்னேன், டேய், நாளைக்குக் காலைல பாத்து எடுன்னு. நாலாம் தேதி, சனிக்கிழமை. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, மறுநாள் தானே நீங்க..."

அவன் கை என் வாய்க்குள் நின்றது.

நான் அவனைப் பார்த்தேன். அவன் என் பல்லைப் பார்த்தான்.

"கடிச்சிடாதீங்க ஆன்ட்டி" என்றான், மிக மெதுவாக.

பசை காயும்வரை இருவரும் அப்படியே இருந்தோம். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான ஐந்து நிமிடம் இருந்ததில்லை. பஞ்சை எடுத்த பிறகு, "நன்றி நவநீதன், பல் இப்போது ஆடவில்லை" என்றேன். பெட்டியை மூடாமலே தூக்கிக்கொண்டு போனான். படியில் ஏதோ உருண்டது.

ஜனவரி 29, புதன்

மிதி ஏன் கல்லாக நின்றது என்பது விளங்கிவிட்டது.

ரெஜி காபி கொண்டுவந்தான். நான் காத்திருந்தேன். குளிர் அதிகம் என்றான். ஆமாம் என்றேன். போய்விட்டான்.

ஜனவரி 30, வியாழன்

இன்றும் காத்திருந்தேன். இன்றும் குளிர் அதிகம்.

தட்டவில்லை.

ஜனவரி 31, வெள்ளி

தட்டவில்லை. கீழே நவநீதன் பாதியில் தடுமாறி, பக்கத்தைத் தவறவிட்டு, "எங்கடா இருக்கோம்?" என்று கேட்டான். ரெஜி ஹார்னைக் குத்தினான். பிறகு மரத்தளத்துக்குக் கீழிருந்து அவன் குரல்:

"மம்மி, தட்டுங்க."

நான் ஜெபமாலையை எடுத்து வைத்துக்கொண்டேன்.

"மம்மி, கேக்குதா?"

கேட்டது.

பிப்ரவரி 1, சனி

பேக்கரியிலிருந்து வந்து உடை மாற்றாமலே மேலே வந்தான். தலைமுடியில் மாவு. அறுபது வயதுக்காரன் போல் இருந்தான்.

"ஏன் தட்டல?"

"கை வலிக்குது."

"கட்டு இடது கையில இருக்கு. தடி வலது கையில."

"ரெஜி, நாலாம் தேதி சாயந்திரம் வண்டில என்னடா மாத்தினே?"

அவன் நாற்காலியில் உட்காரவில்லை. சுவரோரம் தரையில் உட்கார்ந்தான். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அங்கேதான் உட்காருவான்.

"பேடு" என்றான்.

"ஏன் சொல்லல?"

"காலைல சொல்லணும்னுதான் இருந்தேன். ஞாயித்துக்கெழம மாவு போட விடியறதுக்குள்ள கெளம்பிட்டேன். சாவி ஆணியிலயே தொங்கிச்சு. கடைல அடுப்பு பத்த வச்சப்பதான் ஞாபகம் வந்துச்சு மம்மி. போன் பண்ணேன். நீங்க எடுக்கல. அதுக்குள்ள..."

"அது மறதி. மன்னிக்கலாம். ஒரு மாசமா ஊரே எனக்குக் கால் மாறிப்போச்சுன்னு சொல்லுது. நீ கவுண்டர்ல நின்னு கேட்டுட்டே ரொட்டி குடுத்தியே, அதுவும் மறதியா?"

தலைமுடியிலிருந்த மாவைத் தட்டினான்.

"மொதல்ல பயம். அப்புறம்... அவங்க அப்படிச் சொன்னது எனக்கு வசதியா இருந்துச்சு."

"என்ன வசதி?"

"உங்ககிட்ட சாவிய எப்படி வாங்கறதுன்னு ஆறு மாசமா தெரியாம முழிச்சிட்டு இருந்தேன்."

அதற்குப் பிறகு அவன் என் காலைப் பற்றிச் சிறிது நேரம் பேசினான். செருப்பு, வெந்நீர்ப் பை, சர்க்கரை, நவம்பரில் மார்க்கெட் வாசலில் நடந்ததாக அவன் சொல்லும் ஒன்று. அவையெல்லாம் ஜனவரி ஐந்தாம் தேதிக்குச் சம்பந்தமில்லாதவை. ஆகவே இங்கே எழுதவில்லை.

"அன்னைக்கு உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா..." என்றான். முடிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் ஆண்கள் கடைசிச் சொல்லை விழுங்குகிறவர்கள்தான். அதனால்தான் அவர்கள் ஓட்டினார்கள், நான் படித்தேன்.

எந்த இடங்களில் பொய் பேசப்பட்டதோ, அந்த இடங்களிலேயே, அதே சத்தத்தில் நீ உண்மையைச் சொல்ல வேண்டும் என்றேன். சரி என்றான். போகும்போது படிக்கதவைத் திறந்து, திரும்ப மூடலாமா என்று ஒரு கணம் யோசித்து, மூடினான்.

பிப்ரவரி 3, திங்கள்

ஜன்னலுக்குக் கீழே பால் கேன் சத்தம். "அம்மா! உங்க மேல தப்பில்லையாமே! ரெஜி தம்பி கடைல அத்தன பேரு முன்னால சொல்லுச்சுங்க."

"நான் அன்னைக்கே சொன்னேன், வேலுச்சாமி."

"சொல்லியிருப்பீங்க. நான் செடிக்குள்ள கெடந்தனா, காதுல உளுகல."

"தொட்டிப் பக்கம் திருப்பினதாலதான் நீங்க இன்னைக்கு இங்க நின்னு பேசறீங்க."

"அது தெரியுமுங்க. மாடுகதான் இன்னும் கோவமா இருக்குது."

சிரித்துவிட்டேன். ஒரு மாதத்தில் முதல் தடவை. ஷீபா கீழிருந்து நிமிர்ந்து பார்த்தாள், உள்ளே நகர்ந்துவிட்டேன்.

இன்னொரு செய்தி. நேற்று கிளப்பார் சாலையைப் பார்வையிட ஒரு நாள் அனுமதி கொடுத்திருந்தார்கள். முதல் முறையாக நிஜ வளைவுகளில் தலை குனிந்து படித்த நவநீதன், மூன்றாவது கொண்டை ஊசியில் கதவைத் திறந்து வாந்தி எடுத்திருக்கிறான். ஐந்தாவதிலும். ஏழாவதில் நோட்ஸ் மேலேயே. இன்று மாலை வந்து ஜன்னலுக்குக் கீழே நின்று, "பல்லைப் பிடுங்கச் சொல்லுங்க, நூறு பிடுங்கறேன். இது ஆகாது ஆன்ட்டி" என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனான். அவன் நிறம் இன்னும் திரும்பவில்லை.

வண்டியில் இருவர் இல்லாமல் கிளப் யாரையும் புறப்பட விடாது. ரெஜி ஷெட்டில் விளக்கைப் போடாமல் நெடுநேரம் நின்றான். பிறகு ஷெட் கதவைச் சாத்திவிட்டான்.

பிப்ரவரி 5, புதன்

கட்டைப் பிரித்தார்கள். மணிக்கட்டு மெலிந்து, வேறு யாருடையதோ போல் இருக்கிறது. விரல்கள் நன்றாக மடங்குகின்றன. ஒரு தாளைப் புரட்டிப் பார்த்தேன், புரட்ட வருகிறது.

ஷீபா கேட்டுக்கொண்டதால் டாக்டர் காலையும் பார்த்தார். அதிர்கிற இரும்புக் கவை ஒன்றை என் கால் கட்டைவிரலில் வைத்து, அதிர்வு நின்றதும் சொல்லுங்கள் என்றார். நின்றுவிட்டது என்றேன். தன் விரலை வைத்துப் பார்த்தார். இன்னும் அதிர்கிறது என்றார். மறுபடி வைத்தார். மறுபடியும் அப்படியே.

கவை பழையது என்று வீட்டுக்கு வரும் வழியில் ஷீபாவிடம் சொன்னேன். அவள் சரி அத்தை என்றாள். சந்து ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் எடுக்கவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

உடற்பயிற்சி செய்யவில்லை. ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். எதிர் மலையில் பனி ஏறி இறங்கியது. ஒரு வண்டி மேலே போனது. யாரோ ஓட்டிக்கொண்டு போனார்கள்.

பிப்ரவரி 7, வெள்ளி

ரெஜிக்கு.

இந்தப் பக்கத்தைத் திறந்தபடி சாப்பாட்டு மேசையில் வைக்கிறேன். முந்தைய பக்கங்களையும் நீ படிக்கலாம். பிழை இருந்தால் திருத்த வேண்டாம், என்னிடம் சொல்.

இதை நான் எப்படி மேசையில் வைத்தேன் என்று நீ யோசிப்பாய். படிக்கதவு சாத்தித்தான் இருக்கிறது. தாழ்ப்பாளை யாரும் திறக்கவில்லை. நீயும் ஷீபாவும் கடைக்குப் போன பிறகு அதைத் தாண்டி இறங்கினேன், கைப்பிடியை விடாமல், ஒவ்வொரு படியிலும் காலைக் கண்ணால் பார்த்து வைத்து. பிறகு ஷெட்டுக்குப் போனேன். தையல் டேப்பால் அளந்தேன். கார்க்கதவில் நீ வைத்திருக்கும் குறுக்குக் குழாய், என் படிக்கதவைவிட இரண்டு விரல் தாழ்வு. என்னால் முடியாது என்றாய். இடப்பக்கம் ஏறி உட்கார்ந்துவிட்டு இறங்கியிருக்கிறேன். இருக்கை சற்றுப் பின்னால் இருக்கிறது. ஒரு கட்டம் முன்னால் தள்ள வேண்டும்.

கிளப் செயலாளருக்குப் போன் செய்தேன். ஓட்டுகிறவருக்கு வயது வரம்பு உண்டாம், நேவிகேட்டருக்கு இல்லையாம். மருத்துவச் சான்றிதழ் வேண்டும் என்றார். இரத்த அழுத்தம், இதயம், பார்வை, காது ஆகிய நான்குக்கும் நம் டாக்டர் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். காலைப் பற்றி அந்தப் படிவத்தில் கேள்வி இல்லை. என் பழைய ஹெல்மெட் இன்றைய விதிக்கு ஆகாது. தலையின் அளவை ஷீபாவிடம் கொடுத்திருக்கிறேன்.

உன் நோட்ஸை நவநீதன் அசுத்தம் செய்த பக்கங்கள் உட்படத் திரும்ப எழுதிவிட்டேன். மரத்தளத்தின் வழியே அத்தனை நாள் கேட்டதில் எனக்கு மனப்பாடம். எனக்கு வண்டியில் ஒருபோதும் வாந்தி வந்ததில்லை. உன்னை வயிற்றில் சுமந்தபோது, அதே சாலையில், அதே இருக்கையில் படித்திருக்கிறேன். உன் தகப்பனாருக்கு அது தெரியாது. முன்னாலேயே சொல்லியிருந்தால் ஏற்றியிருக்க மாட்டார்.

சாவியைப் பற்றி: அதை இனி நான் கேட்கமாட்டேன். ஆணியிலேயே மாட்டி வைக்கலாம். ஒளித்து வைக்க வேண்டியதில்லை.

எனக்கு இடப்பக்க இருக்கை போதும். அதன் முன்னால் மிதி எதுவும் கிடையாது.

நீ வாயால் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவாய். ஆகவே சம்மதம் அல்லது சம்மதமில்லை என்பதை இதன் கீழே, பேனாவால், கையெழுத்துடன், ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதித் தரவும்.

கிளாரா இன்னாசிமுத்து